கரண்ட் போனால் காலியாகும் கோப்பு

அக்காவின் ஆய்வேடு காணாமல் போன அன்று சிதம்பரத்தில் பெரிய மழைகூட இல்லை. வெறும் தூறல். அந்தத் தூறலுக்கே கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. கடைசியாக வந்தபோது அவள் கணினியைப் போட்டுப் பார்த்தாள். கோப்பு இருந்த இடத்தில்தான் இருந்தது. பெயரும் அதேதான். உள்ளே ஒரு எழுத்து இல்லை.

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதற்குப் பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள் அவள். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பெயரில்தான், பட்டம் முடித்தால்தான் நிரந்தர வேலைக்கு மனுப் போடவே முடியும். பரங்கிப்பேட்டையில் ஆண்கள் வெளிநாடு போய்விட்ட வீடுகளைப் பெண்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசி, குறிப்பெடுத்து வந்து, இரண்டு இயல்களைக் கணினியில் எழுதி முடித்திருந்தாள். போனது அந்த இரண்டும்தான். பென் டிரைவில் முன்னுரை மட்டும் மிஞ்சியது.

அவள் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மென்பொருளைக் கணினியில் போட்டுக் கொடுத்தவன் நான். திருட்டு மென்பொருள் எதற்கு, இது கட்டற்றது, உலகமே சேர்ந்து செய்தது என்று பிரசங்கம் வேறு செய்திருந்தேன். விஷயம் தெரிந்து நான் போய் நின்றபோது அக்காவின் கணவர் விடுவாரா? "ஓசில வந்தது ஓசியாவே போயிடுச்சி மச்சான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கடலூரில் என் வீட்டுக்குத் திரும்பியதும் இணையத்தில் தேடினேன். அந்த மென்பொருளின் பிழைப் பட்டியலில் யாரோ பல வருஷத்துக்கு முன்பே இதைப் பதிந்திருந்தார். அதன் கீழே எந்தெந்த ஊர்க்காரர்களோ "எனக்கும் இப்படித்தான்" என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை உருவாக்குகிறவர்களின் பதில் எல்லாருக்கும் ஒன்றுதான்: எங்களிடம் இப்படி நடக்கவில்லை, கூடுதல் விவரம் தேவை. எப்படி நடக்கும்? அவர்கள் ஊரில் கரண்ட் போனால் பேப்பரில் செய்தி வரும். அதுவும் ஆளுக்கொரு மடிக்கணினி, பேட்டரியில் ஓடுவது. ஒருவர் யூ.பி.எஸ். வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் அன்று நான் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நிரல் எழுதத் தெரியும் என்றாலும் அவ்வளவு பெரிய மென்பொருளில் கைவைத்ததில்லை. ஆனால் அவர்களுக்கு நடக்காததை என்னால் நடத்திக் காட்ட முடியும். மஞ்சக்குப்பத்து வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று கிடந்தது. அதில் மென்பொருள் தானாகச் சேமிக்கும் நேரம் பார்த்து, சுவரிலிருக்கும் சுவிட்சைப் பட்டென்று அணைப்பேன். மறுபடி போட்டுப் பார்ப்பேன். பல தடவை கோப்பு தப்பித்துவிடும், திரும்பவும் அணைப்பேன். "நல்லா ஓடுறத நிறுத்தி நிறுத்திப் போடுறீங்களே, என்னா வேல இது?" என்றாள் மனைவி.

ஒருநாள் பிடிபட்டது. தானாகச் சேமிக்கும்போது மென்பொருள் பழைய கோப்பை முதலில் காலி செய்துவிட்டு, அதற்குள்ளேயே புதிதாக எழுதியது. கண்ணிமைக்கும் அந்த நேரத்தில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மாற்று வீடு பார்க்காமல் குடியிருக்கும் வீட்டை இடிக்கிற வேலை. புதியதைத் தனியே எழுதி முடித்து, அது வட்டில் பத்திரமாகப் பதிந்துவிட்டதா என்று பார்த்து, அப்புறம்தான் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். திருத்தம் என்னவோ சிறியதுதான்.

அதை எழுதி அனுப்பி, மென்பொருளை உருவாக்குகிறவர்கள் ஏற்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. சோதனை எழுது என்றார்கள், எழுதினேன். என் திருத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகிப் போனார். அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். நடுவில் வேறொருவர் அந்தப் பகுதியையே மாற்றி எழுதிவிட, நான் செய்தது பொருந்தாமல் போய் மறுபடி ஆரம்பித்தேன். இப்படியே வருஷங்கள் ஓடின. வேலை முடிந்து மிஞ்சிய நேரமெல்லாம் அதற்கே போனது. சிதம்பரம் போவது குறைந்தது. போனால் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும். சரி செய்துவிட்டே போகலாம் என்றிருந்தேன். ஃபோனில் அவளும் ஆய்வைப் பற்றிப் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். புதிய பதிப்போடு வந்த குறிப்பில் அதற்கு ஒரே ஒரு வரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

அக்கா அப்போது கல்லூரி வேலையை விட்டுவிட்டு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கணினியில் புதிய பதிப்பைப் போட்டு, "எதையாவது டைப் பண்ணுக்கா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அடித்தாள்: "இந்த வீடுகளின் கதவில் ஆண்களின் பெயர் இருக்கிறது, சாவி பெண்களிடம் இருக்கிறது." காணாமல் போன இயல்களின் முதல் வாக்கியம் அது. அத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்திருக்கிறாள். மென்பொருள் தானாகச் சேமிக்கும் நேரம் பார்த்து வயரைப் பிடுங்கினேன். "அய்யய்யோ மச்சான்!" என்று மாமா பதறினார். மறுபடி போட்டேன். வாக்கியம் அப்படியே இருந்தது.

"பாத்தியாக்கா! இனிமே எத்தன தடவ கரண்ட் போனாலும் ஒண்ணும் ஆவாது. தைரியமா எழுதலாம்."

"எதடா எழுதறது?" என்றாள். "கெடு முடிஞ்சி, நீட்டிப்பு கேட்டு வாங்கி, அதுவும் முடிஞ்சி போச்சி. போன வருஷமே பதிவ ரத்து பண்ணிட்டாங்க."

"சொல்லவே இல்லியேக்கா."

"நீ எங்க கேட்ட?"

திரையைக் காட்டி, "இத சரி பண்றதுக்குத்தான் இவ்ளோ நாளா இந்தப் பக்கமே வரலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவுங்ககிட்ட பேசி எழுதிக்கிட்டு வந்த குறிப்பெல்லாம் பத்திரமாத்தான்டா இருந்துச்சி. திரும்ப ஒக்காந்து அடிக்கத்தான் எனக்குத் தெம்பு இல்ல. லீவு நாள்ல நீ வந்து பக்கத்துல ஒக்காந்து, நான் சொல்லச் சொல்ல அடிச்சிக் குடுத்திருந்தா, ரெண்டு மூணு மாசத்துல முடிஞ்சிருக்கும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். அத்தனை வருஷத்தில் அந்த யோசனை எனக்கு ஒருநாள்கூட வந்ததில்லை.