கைகள் மட்டும் தெரியும் படம்

மகளின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்ப்பதா, வேண்டாமா?

என் மகளைப் பற்றி எங்கள் அண்ணா என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி இதுதான். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. என்னிடம் இன்னும் பதில் இல்லை. நினைவு மலர்க் கட்டுரையை இப்படித் தொடங்கும் வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். பிறந்த ஊர், பெற்றோர், கல்வி என்று முறையாகத் தொடங்கி எழுதிப் பார்த்தேன். சில பந்திகளுக்குள் இந்தக் கேள்வி வந்து குறுக்கே நின்றுகொண்டது. ஆகவே அதை முன்னாலேயே வைத்துவிட்டுப் பிறகு முறையாக எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணா வேலணைத் தீவில் பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. ஊரை விட்டு வெளியேறி, கொழும்பில் சில காலம் தங்கி, அம்மா அப்பாவுடன் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தாம் வகுப்பில் இருந்தார். நான் அதன் பிறகு இங்கே, டோர்ட்மண்டில் பிறந்தவள். அதனால் அவருடைய சிறு வயதைப் பற்றி நான் எழுதுவது எல்லாம் கேட்டு அறிந்ததே.

வந்த அடுத்த கோடையில் அண்ணா ஓயாமல் தண்ணீர் கேட்டாராம். உடம்பு மெலிந்துகொண்டே போனது. புது நாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். பிள்ளை தாகம் என்று கேட்கும்போது வெறும் தண்ணீரைக் கொடுக்க மனம் வராமல், அம்மா கடையில் இனிப்பான தோடம்பழச் சோடா வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் பாடசாலையில் மேசையில் தலை வைத்தவரை எழுப்ப முடியவில்லை. அம்புலன்ஸ் வந்தது. முதலாம் வகை நீரிழிவு என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

இது வயது போனவர்களுக்கு வரும் சீனி வருத்தம் அல்ல. உடலின் காவல் சக்தியே வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிர்க்கலங்களை அழித்துவிடுகிறது. இனிப்புச் சாப்பிட்டதால் வருவதும் இல்லை, சாப்பிடாமல் விட்டால் போவதும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அதை யார் விளங்கப்படுத்துவது? வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம், பிள்ளைக்கு இனிப்பைக் கூடக் கொடுத்துவிட்டீர்கள் என்றே சொல்லிப் போனார்கள். ஊரிலிருந்து வெந்தயத் தூளும் ஏதோ வேரும் பார்சலில் வந்தன. அண்ணா இன்சுலினையும் போட்டுக்கொண்டு, மனம் நோகக் கூடாது என்று பாவற்காய்ச் சாற்றையும் குடித்தார்.

அன்று மருத்துவமனையில் வைத்தியர் சொன்னதைத் தமிழில் சொல்ல வேறு யாரும் இருக்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த பிள்ளையே தன் நோயைத் தாய் தகப்பனுக்கு மொழிபெயர்த்தது. இதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

அண்ணா வளர்ந்தார். தொழிற்பயிற்சி முடித்து வார நாட்களில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்தார். வார இறுதியில் கல்யாணவீடு, சாமத்தியவீடு என்று வீடியோ எடுத்தார். இதை வாசிக்கும் பலருடைய வீட்டு அலுமாரிகளில் அவர் எடுத்த படம் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒளித்துப் போய் ஊசி போடுவதில்லை. என் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் மட்டும் வேண்டாம் என்று அம்மா கெஞ்சியிருந்தார். அண்ணா மேடைப் படியில் அமர்ந்து, வேட்டிக்கு மேலே சட்டையை உயர்த்தி இன்சுலின் பேனாவைக் குத்திக்கொண்டார். என் கணவரின் பெரியப்பா பக்கத்தில் வந்து, இது என்ன தம்பி என்று கேட்டார்.

"பெற்றோல் அடிக்கிறன் மாமா. உங்களுக்கும் அடிக்கவோ?"

பெரியப்பா சிரித்த சிரிப்பு கல்யாண வீடியோவில் இருக்கிறது.

அவருக்கும் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. சொல்லாமல் கட்டமாட்டேன் என்று, பெண் பார்க்கப் போன அன்றே எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசி வரவில்லை. அதைப் பற்றி அவர் யாரையும் குறை சொன்னதை நான் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் தன்னுடைய படத்தைத் தொடங்கினார். இந்த நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்தைத் தேடுகிறவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துப் படமாக்குவது என்று. யாரும் கேட்கவில்லை, யாரும் பணம் தரவில்லை. கமராப் பையையும், இன்சுலின் வைக்கும் குளிர்ப்பையையும் தூக்கிக்கொண்டு ரயிலில் போவார். ஆராய்ச்சிக்கூடங்களில் ஒரு மணிநேரம் தருவார்கள். கடைசியில் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். எப்போது? அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். கமரா ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒருவர் ஜன்னலைப் பார்ப்பார். லைப்சிக்கில் ஆராய்ச்சி செய்யும் ஒரு வயதான அம்மையார், இளமையில் தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னும் பத்து ஆண்டில் மருந்து வரும் என்று சொல்லி வந்ததாகவும், இப்போது அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். பிறகு அண்ணாவை உருப்பெருக்கியில் பார்க்க விட்டார். இன்சுலின் சுரக்கும் கலங்கள் கூட்டம் கூட்டமாக இருக்குமாம். அவற்றைத் தீவுகள் என்றே வைத்தியர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து அண்ணா அம்மாவிடம் சொன்னார்.

"எங்கட தீவும் போயிட்டுது, உள்ளுக்க இருந்த தீவுகளும் போயிட்டுது. அங்க ஆமிக்காரன், இங்க என்ர ஆக்களே."

அம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

ஆஹெனில் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவர், தன் இன்சுலின் பம்பையும் சீனி அளக்கும் கருவியையும் கைப்பேசியால் தானே இணைத்துக்கொண்டு திரிந்தார். மருந்து வரும்வரை சும்மா இருக்க முடியுமா அண்ணா என்று அவர் கேட்பதும் படத்தில் இருக்கிறது.

ஆனால் அண்ணா மிகவும் விரும்பியது எங்கள் ஆட்களைப் படமாக்குவதையே. இந்த நோயுள்ள பிள்ளைகள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர் மேடைப் படியில் ஊசி போடுவதைப் பார்த்த தாய்மார், கொண்டாட்டம் முடிந்து அவர் கமராவைக் காரில் ஏற்றும் நேரம் பார்த்து வருவார்கள். மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே நின்று மெதுவாகக் கேட்பார்கள். பம்ப் நல்லதா, ஊசி நல்லதா, பிள்ளையைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு விடலாமா என்று. அண்ணா எல்லாவற்றுக்கும் ஆறுதலாகப் பதில் சொல்வார். படத்துக்குக் கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"முகம் வேண்டாம் தம்பி. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு கலியாணம் பேச வேணும்."

அவர் கோபப்படவில்லை. அப்படியென்றால் கையை மட்டும் எடுக்கிறேன் என்றார். அதற்குச் சம்மதித்தார்கள். ஆகவே படத்தில் எங்கள் ஆட்கள் வரும் இடமெல்லாம் கைகள் மட்டுமே. சிறு விரலில் ஊசி குத்தும் தாயின் கை. ஊசி அளவுக்காகச் சோற்றை நிறுக்கும் தகப்பனின் கை. பேனாவைத் தானே திருகிப் பழகும் பிள்ளையின் கை.

அண்ணாவின் இதயம் பலவீனமாகியிருந்தது. பல ஆண்டு நோயின் விளைவு என்றார்கள். கடைசிக் காலத்தில் ஞாயிறு தோறும் எங்கள் வீட்டுக்கு வருவார். என் மகள்தான் அவருக்கு உதவியாள். மாமா சாப்பிட உட்கார்ந்தால், குளிர்ப்பையைத் திறந்து பேனாவை எடுத்துக் கொடுப்பாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மாம்பழம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் சொன்னார்.

"இப்ப முதலே பாக்கலாமாம். குடும்பத்தில ஒராளுக்கு இருந்தா, பிள்ளையின்ர ரத்தத்தில அடையாளம் வந்திட்டுதோ எண்டு சோதிக்கினம். வருத்தம் வெளியில தெரிய முதலே. குட்டிக்குப் பாப்பமோ?"

"வந்தா நிப்பாட்டலாமோ?" என்று கேட்டேன்.

"நிப்பாட்ட ஏலாது. கொஞ்சப் பேருக்குத் தள்ளிப்போடலாம் எண்டு சொல்லினம். ஆனா மேசையில தலை வைச்சு விழுற வரைக்கும் ஒருத்தரும் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ பயந்தா நானும் டொக்குத்தரிட்ட ரெர்மீனுக்கு வாறன்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டிருந்தபோதே ஒரு விடியலில் அவர் உறக்கத்திலேயே எங்களை விட்டுப் பிரிந்தார்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பின், அண்ணாவின் நண்பர் ஒருவர் அவர் எடுத்தவற்றை ஒழுங்குபடுத்திக் கொண்டுவந்து தந்தார். பகலில், அம்மாவும் நானும் இருந்து பார்த்தோம். ஓரிடத்தில் அண்ணா தானே கமராவுக்கு முன்னால் இருந்து பேசுகிறார். மருத்துவமனையில் அன்று வைத்தியர், இது வாழ்நாள் முழுவதும் இருக்கும், இதை முற்றாக மாற்ற மருந்து இல்லை என்று சொன்னாராம். அம்மாவின் கை தன் காலில் இருந்ததாம். பெரியாளானால் மாறிவிடுமாம் என்று தான் தமிழில் சொன்னதாக அண்ணா சொல்கிறார். "அதுக்குப் பிறகு அதை உண்மையாக்கிற வேலைதான் எனக்கு" என்று சிரிக்கிறார்.

நான் அம்மாவைப் பார்க்கப் பயந்தேன். இத்தனை ஆண்டுகள், அண்ணாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், இந்த வருசம் மாற வேண்டும் என்று அருச்சனை செய்தவர் அவர்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை. பாசை தெரியாட்டிலும் டொக்குத்தரின்ர முகத்தைப் பாத்தனான் தானே. இவன் சொல்லேக்க நம்பினமாதிரி இருந்திட்டன். அவனுக்கும் ஒரு ஆறுதல் வேணும்."

இரண்டு பேரும் அறிந்திருந்தார்கள். அறிந்துகொண்டே ஒரு வீட்டில் சிரித்துப் பேசி வாழ்ந்தார்கள். நான் இப்போது பயப்படுவது அதை எண்ணித்தான். அம்மாவின் முகம் எனக்கு வாய்க்கவில்லை. நான் அறிந்தால் அது என் முகத்தில் தெரியும், மகள் அதைப் பார்த்து வளர்வாள். அறியாமல் இருந்தாலும் நிம்மதி இல்லை. அவள் இரண்டாவது குவளை தண்ணீர் கேட்டால், அன்று முழுவதும் குவளைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறேன். கிண்டர்கார்டனில், இன்று எத்தனை தரம் கழிப்பறைக்குப் போனாள் என்று கேட்கிறேன். கோடை அல்லவா, எல்லாப் பிள்ளைகளும்தான் குடிக்கிறார்கள் என்கிறார் ஆசிரியை. அண்ணாவுக்கும் அப்போது கோடைதான்.

வராத நோயை வீட்டுக்குள் கூப்பிடாதே என்கிறார் என் கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடையாளம் இல்லை என்று வந்தாலும் அது அன்றைக்கான பதில்தான், பிறகு வராது என்பதற்கு உறுதி இல்லையாம். அம்மா ஒன்றும் சொல்ல மறுக்கிறார். சோடா வாங்கிக் கொடுத்த கையால் வழி காட்ட ஏலாது என்கிறார். அது அம்மாவின் பிழை இல்லை என்று வைத்தியரும் அண்ணாவும் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்கள். இதை இங்கே எழுதுவதும் சரியா என்று தெரியவில்லை. பிள்ளைக்கும் இருக்காம் என்று நாளை கதை கட்டினால் என்ன செய்வேன்? இந்தப் பந்தியை அழித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன். முகத்தை மறைக்காமல் மேடைப் படியில் இருந்தவருடைய மலரில் நான் மட்டும் ஒளிக்க முடியவில்லை.

அண்ணாவை அன்று எழுப்ப முயன்று உடனே அம்புலன்ஸை அழைத்த அவருடைய பழைய ஆசிரியைக்கும், பல ஆண்டுகள் அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அவருடன் கமரா தூக்கிய நண்பர்களுக்கும், துயரச் செய்தி கேட்டு வந்து எங்களுடன் இருந்த உறவினர்களுக்கும், இரவு பகல் பாராமல் சமைத்துத் தந்த அயல் வீட்டு அக்காமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர்களின் பெயரை எழுத முடியாது. படத்தில் அந்தக் கைகளைப் பார்த்தபோது சிலவற்றை நான் அடையாளம் கண்டுகொண்டேன். ஒரு காப்பு, ஒரு தழும்பு, மோதிரம் போடும் விதம். கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்ட கைகள் அவை. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கடைசிக் காட்சியில் ஒரு சின்னக் கை குளிர்ப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுக்கிறது. அது என் மகளுடையது. அண்ணா எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் பிள்ளைகள் வைத்தியரிடம் நாள் குறித்து ரெர்மீன் வைத்திருக்கிறேன். அதை இன்னும் இரத்துச் செய்யவில்லை, உறுதிப்படுத்தவும் இல்லை. அந்தக் கைகளுக்குரிய உங்களிடம்தான் கேட்கிறேன். பிள்ளையின் நோய் உங்களுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? அல்லது தெரியாமல் இருந்த அந்தக் கடைசிக் கோடை உங்களுக்குப் பெரிதா? எனக்கு எழுத வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். திவசத்தன்று சாப்பாடு முடிந்த பின் நான் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தில் நிற்பேன். அண்ணாவிடம் வந்ததுபோல என்னிடமும் வந்து சொல்லுங்கள்.