பீப்பாயைச் சுற்றி ஈரம் இல்லை

என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய தவறை, ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே ஒரு போன் பேச்சில் செய்தேன். பெட்ரோலியம் படிக்கும் பிள்ளைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

முப்பத்திரண்டு வருடம் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் கோர் லேபில் வேலை பார்த்தேன். கோர் என்பது பூமியைத் துளைத்து உருளையாக எடுத்து வரும் பாறை. அதன் நுண்துளைகளுக்குள் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துச் செலுத்தி, எது எவ்வளவு சுலபமாக ஓடுகிறது, எது எங்கே சிக்கி நின்றுவிடுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. ரிட்டயர் ஆனதும் ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தேன்.

என் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். சுந்தரபாண்டியம் பக்கம் தென்னந்தோப்பு, கிணறு, ஒரு டிராக்டர். டிராக்டருக்கான டீசலை இரும்புப் பீப்பாயில் வாங்கி, வெயிலுக்கு ஆவியாகிவிடக் கூடாது என்று அதை மோட்டார் ரூம் பக்கத்தில் பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து வைத்திருந்தார். அது அவருடைய சொந்த யோசனை. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்படுவார்.

தை மாதத்தில் பீப்பாயில் டீசல் குறைய ஆரம்பித்தது. பதினோரு வருடமாக டிராக்டர் ஓட்டிய மாரிமுத்துமேல் அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பீப்பாயத் தூக்கிப் பாருங்க அண்ணாச்சி, அடி ஓட்டையா இருக்கும்" என்று மாரிமுத்து சொல்லியிருக்கிறார். அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, நீ எண்ணெயிலயே கெடந்தவ. பீப்பா கசிஞ்சா தெரியுமா, தெரியாதா?"

"சுத்தி மண்ணு ஈரமா இருக்காண்ணே?"

"காஞ்சு பொடியாக் கெடக்கு."

"அப்பக் கசியல."

அவ்வளவுதான் பேச்சு. அங்கே போன் ஸ்பீக்கரில் இருந்ததும், மாரிமுத்து பக்கத்தில் நின்றதும் எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அண்ணன் டிராக்டர் சாவியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார். ஓட்ட ஆள் இல்லாமல் டிராக்டர் நின்றதால், அதன்பிறகு பீப்பாயை யாரும் திறந்து பார்க்கவில்லை.

கிணற்றில் டீசல்

சித்திரையில் அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். கிணற்றுத் தண்ணீரில் டீசல் வாடை, மாடு வாய் வைக்க மாட்டேன் என்கிறது என்றார்.

"அந்தப் பய பழி வாங்கிட்டான். ராத்திரியோட ராத்திரியா வந்து ஊத்திட்டுப் போயிருக்கான். ரெண்டு மோட்டார் போட்டு இறைக்கேன். எம்புட்டு ஊத்தியிருந்தாலும் எடுத்துருவேன். நாளைக்கு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

டீசல் திருடினான் என்ற பெயர் போதாதென்று, கிணற்றைக் கெடுத்தான் என்று கேஸும் வந்தால் அந்த மனிதர் எங்கே போய் வேலை கேட்பார்? மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

கிணறு பாதிக்குக் கீழே வற்றியிருந்தது. இரண்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன.

"மொதல்ல மோட்டார நிறுத்துண்ணே."

"நிறுத்தினா டீசல் எப்படிப் போகும்?"

"ஓடினாலும் போகாது. டீசல் தண்ணி மேல மெதக்குது. நீ தண்ணிய எறக்க எறக்க, சுத்தியிருக்க பாறைக்குள்ள டீசலும் கீழ எறங்குது. நல்லா இருந்த கல்லுக்கெல்லாம் டீசல் பூசிக்கிட்டு இருக்க."

கிணற்றை வேகமாக இறைத்தால், பாறைக்குள் சுற்றுவட்டார நீர்மட்டம் கிணற்றை நோக்கிச் சரியும். மிதக்கிற டீசலும் அந்தச் சரிவில் இங்கே வந்து சேரும். பிறகு தண்ணீர் ஏறும்போது, டீசலில் ஒரு பங்கு துளைகளுக்குள் துளித்துளியாகப் பிரிந்து, தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். லேபில் அதற்கு ரெசிடுவல் ஆயில் என்று பெயர். எவ்வளவு தண்ணீர் செலுத்தினாலும் அது எளிதில் அசையாது.

"ரெண்டே நாள் குடு. பொறவும் மாரிமுத்துதான்னு தெரிஞ்சா, புகார நானே எழுதித் தாரேன்" என்றேன். முனகிக்கொண்டே மோட்டாரை நிறுத்தினார்.

மேலிருந்து யாராவது ஊற்றியிருந்தால், மிதப்பதை வழித்தெடுத்ததும் வேலை முடிந்துவிட வேண்டும். ராஜபாளையத்து மில்லில் இருந்து இரண்டு மூட்டை கழிவுப் பஞ்சு வரவழைத்தோம். கயிற்றில் கட்டி இறக்கி, மிதந்த டீசலை ஒற்றி ஒற்றி எடுத்தோம். இருட்டுவதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது.

விடிந்ததும் படியில் இறங்கிப் பார்த்தேன். மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து டீசல் நீலமும் மஞ்சளுமாக ஒரு கோடாக வழிந்து தண்ணீரில் பரவிக்கொண்டிருந்தது. மோட்டார் ரூமும் பீப்பாயும் அதே மேற்குப் பக்கம்தான் இருந்தன. அண்ணன் என் பின்னால் நின்று பார்த்தார்.

தோண்டியது

பீப்பாயைக் கயிறு கட்டித் தூக்கினோம். அடித்தகடு மண்ணோடு தங்கிவிட்டது. மேலே சுற்றிலும் மண் காய்ந்துதான் இருந்தது. பீப்பாய் இருந்த குழிக்குள் கடப்பாரை போட்டபோது, ஒரு கையகலத்துக்குக் கறுத்த மண் நேராகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. வாடை முகத்தில் அடித்தது.

சரளை மண்ணில் சொட்டுச் சொட்டாகக் கசிகிற எண்ணெய் பக்கவாட்டில் பரவி மேலே வந்து ஈரம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. காற்று இருக்கும் துளைகளை நிரப்பிக்கொண்டு, தன் எடையிலேயே கீழே இறங்கிவிடும். நான் லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம் இது. அதைத்தான் கீரைக்கு நடுவில் மறந்திருந்தேன்.

"அப்ப அவன் எடுக்கல," என்றார் அண்ணன்.

"எடுக்கல."

"நீதானட்டி கசியலன்னு சொன்ன."

"நாந்தான் சொன்னேன்."

பிறகு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தோம். கறுத்த மண்ணை அள்ளினோம். கிணற்றுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஒரு குழி வெட்டி, அதில் ஊறி வரும் டீசலை வாரத்துக்கு இரண்டு முறை பஞ்சில் ஒற்றி எடுக்க ஏற்பாடு. கிணற்றைத் தொடவே கூடாது, குடிப்பதற்கும் மாட்டுக்கும் குழாய்த் தண்ணீர். எல்லாம் வெளியே வந்துவிடுமா என்று அண்ணன் கேட்டார். வராது என்று உண்மையைச் சொன்னேன்.

"மாரிமுத்து வீட்டுக்கு ரெண்டு மூட தேங்கா அனுப்பி வச்சுருவமா?"

"தேங்கா எதுக்கு? நேர்ல போறோம். நீயும் வார."

ஸ்ரீவில்லிபுத்தூரில்

மாரிமுத்து இப்போது கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ் ஓட்டுகிறார். டூட்டி முடிந்து வந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி செல்வி தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அண்ணன் உட்காரவே இல்லை, விறைப்பாக நின்றுகொண்டு சொன்னார்.

"ஏலே மாரிமுத்து, பீப்பா அடி ஓட்ட. ஒன் மேல பழி போட்டது என் தப்பு."

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி."

"கசியலன்னு சொன்னது நான்," என்றேன்.

மாரிமுத்து என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி வெரட்டினதுகூட எனக்குப் பெரிசில்லக்கா. அவிய கோவக்காரவிய. நீங்க போன்ல சொன்னத வீட்ல வந்து சொன்னேன். 'அந்தக்கா எண்ணெய்க் கம்பெனில இருந்தவிய, அவியளுக்குத் தெரியாதா'ன்னா இவ. பொறவு செத்த நேரம் கழிச்சு, 'நெசமாவே நீ எடுக்கலியா'ன்னு கேட்டா."

செல்வி தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஒன் வீட்டுக்காரர் சொன்னது சரி தாயி. நான் சொன்னது தப்பு."

அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டார்.

"அப்ப அம்புட்டு உறுதியா எப்படிக்கா சொன்னீக?"

முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பெரிய அதிகாரிகள் என் ரிப்போர்ட்டைக் குடைந்திருக்கிறார்கள். யாருக்கும் பதில் இல்லாமல் நான் நின்றதில்லை. இந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதில்தான்.

"போய்ப் பாக்காமச் சொல்லிட்டேன்."