கோமதி அக்கா டாக்டர் தேடிய பதினோரு மாதம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஒரு பெரியவரை சி.டி. மெஷினில் படுக்க வைத்துவிட்டு கன்ட்ரோல் அறைக்கு வந்தபோது போன் அடித்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன் அண்ணாச்சி. கோமதி அக்காவின் கூடப் பிறந்த அண்ணன். கடை திறக்க ஷட்டரைத் தூக்கிய அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். மாரடைப்பு. முப்பத்தெட்டு வயது. நான் "சரி அண்ணாச்சி" என்று சொல்லி போனை வைத்துவிட்டுப் பெரியவரின் ஸ்கேனை ஆரம்பித்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். விடச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம், அவரே விட்டுக்கொண்டார்.

அக்காவைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா இறந்ததற்கும், இரண்டு வருடம் முன்னால் முகத்தில் செய்துகொண்ட ஆபரேஷனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரத வீதியில் இரண்டு பேர் அப்படிப் பேசியது என் காதிலேயே விழுந்தது. அக்காவின் அப்பாவும் நாற்பதைத் தாண்டாமல் நெஞ்சுவலியில் போனவர். அந்த ஆபரேஷனுக்கு அக்கா எப்படி டாக்டர் தேடினார் என்று தெரிந்தால் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் வேலை.

அன்று மத்தியானம் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்க நானும் அண்ணாச்சியும் போனோம். டிசைன் பண்ணுகிறவர் அக்காவின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லோருக்கும் செய்கிற மாதிரி நிறத்தைக் கூட்டினார், தாடையை இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். அழகாகத்தான் இருந்தது. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழுந்து வந்தார்.

"தாடைல கை வைக்காதீரும்வே. அது எங்கம்ம தாடை. பெரிய டாக்டரயே தொட விடல அவ."

டிசைனர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பழையபடி ஆக்குங்கள் என்றேன்.

அக்காவின் தையல் கடையில் ஜாக்கெட் மட்டும்தான். சுடிதார் கொண்டுபோனால் பக்கத்துக் கடையைக் காட்டுவார். கோமதி என்ற பெயர் அவரே வைத்துக்கொண்டது. அம்மன் பெயர், சங்கரன்கோவிலில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. உங்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். கூப்பிட்டால் நாலு பேர் சேர்ந்து திரும்ப வேண்டும், அதற்குத்தான் என்றார். அவருக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறினால் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத ஒரு முகம். பெண்ணாக மாறுவதற்கான மற்ற சிகிச்சையெல்லாம் பல வருடம் முன்பே முடிந்திருந்தது. புருவத்துக்கு மேலே புடைத்திருந்த அந்த எலும்பு மட்டும் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பார்.

அவரை எனக்குத் தெரிய வந்ததே என் தப்பினால்தான். ஒரு டாக்டர் கேட்டார் என்று முகத்துக்கு சி.டி. எடுக்க வந்தார். தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு எடுக்கிற மாதிரியே தடிமனான அடுக்குகளாக எடுத்து, பிலிமில் அடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எலும்பை அறுக்கப் போகிறவருக்கு அது எதற்கும் ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அடுக்குகளாக, டிஸ்க்கில் பதிந்து கொடுக்க வேண்டும். நாலாம் நாள் அக்கா திரும்பி வந்தார். நான் எரிந்து விழுந்தேன், பிலிம் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்று. அக்கா கோபப்படவில்லை. "இஞ்ச் டேப்பு கேட்டா கயித்தக் குடுத்திருக்கீயளே தம்பி" என்றார். மெஷினில் பழைய டேட்டாவையும் அழித்திருந்தேன். இன்னொரு தடவை கதிர்வீச்சு படாமல் எடுக்க வழியில்லை. அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் தோட்டைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த வெட்கத்தில்தான் டாக்டர் தேட நானும் உதவுகிறேன் என்றேன். அவருடைய வேகம் எனக்குத் தெரியாது. ஒரே ராத்திரியில் எக்செல் ஷீட் போட்டேன். ஏழு டாக்டர்கள். எத்தனை வருட அனுபவம், இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறார், ஐ.சி.யூ. இருக்கிறதா, மயக்க மருந்து கொடுக்கத் தனி டாக்டர் உண்டா, மறுபடி திருத்த வேண்டிவந்தால் யார் செய்வது என்று எல்லாவற்றுக்கும் மார்க். கூட்டிப் பார்த்ததில் ஒரு பெருநகர டாக்டர் முதலில் வந்தார். முடிந்தது, இவரிடம் போங்கள் என்று நீட்டினேன். அக்கா தாளை வாங்கி மடித்து, கத்தரிக்கோலுக்குக் கீழே வைத்தார். பார்ப்போம் என்றார். அப்படியே மூன்று மாதம் ஓடியது.

என்னால் தாங்க முடியவில்லை. கடையில் வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"யக்கா, நீங்க டாக்டர் தேடுதீயளா, மாப்பிள்ள தேடுதீயளா?"

"மாப்பிள்ள சரியில்லன்னா அத்து விட்டுரலாம்ல. நெத்திய எங்கன போயி அத்து விட?"

கடையே சிரித்தது. அன்றைக்குத்தான் 'தம்பி' போய் 'ஏலே' வந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை அவருக்கு நான் 'ஏலே இசக்கி'தான்.

அந்தக் கடைக்குப் புதிதாகப் போனவர்களுக்குத் தெரியும், துணியை வாங்குவதற்கு முன்னால் அக்கா ஒரு மஞ்சள் பையை எடுத்து மேஜையில் கொட்டுவார். எல்லாம் அவர் கெடுத்த ஜாக்கெட்டுகள். கை ஏறிப்போனது, கழுத்து இழுத்துப்போனது, பட்டில் ஊசித் தடம் விழுந்தது. இதெல்லாம் நான் கெடுத்தது, இதைப் பார்த்த பிறகும் கொடுப்பதென்றால் கொடுங்கள் என்பார். பாதிப் பேர் பயந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தர்கூடப் போய் நான் பார்த்ததில்லை.

ஒருவழியாக என் பட்டியலில் முதலில் இருந்த டாக்டரிடம் வீடியோ கால் கிடைத்தது. டாக்டர் கொஞ்ச நேரம் வந்தார், பிறகு அவருடைய உதவியாளர் பேசினார். அக்கா ஒரு கேள்வி கேட்டால், அந்த உதவியாளர் அக்கா பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். சார், பேஷன்ட்டிடம் சொல்லுங்கள், சினிமா ஹீரோயின் மாதிரி ஆகிவிடலாம், நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் ஒரே பேக்கேஜில் முடித்துவிடலாம், நெற்றியில் நாலு மில்லிமீட்டர் சீவினால் போதும் என்றார். மூஞ்சி என்னுது, பதில் அவனுக்கா என்று அக்கா முணுமுணுத்தது மைக்கில் விழுந்திருக்கும். பிறகு நிதானமாக, உங்களுக்குச் சரியாக வராத ஆபரேஷன் போட்டோ ஒன்று காட்டுங்கள் என்று கேட்டார். எங்களிடம் அப்படி ஒன்றுகூடக் கிடையாது மேடம் என்றார் உதவியாளர். அக்கா நன்றி சொல்லி அணைத்துவிட்டார்.

எனக்குக் கோபம். அவ்வளவு மார்க் எடுத்த ஆளை ஒரே கேள்வியில் தள்ளிவிட்டாரே என்று.

"நூறு ஜாக்கெட் தைச்சா ரெண்டு கெடும்ல. கெடவே இல்லன்னு சொன்னா, ஒண்ணு அவ தைக்கல, இல்லன்னா பொய் சொல்லுதா."

அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணைத் திறந்துவிட்டது அக்கா இல்லை, என் வேலைதான். மறுநாள் வேலை குறைவாக இருந்தபோது அவருடைய ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். நெற்றி எலும்புக்கு உள்ளே, கண்ணுக்கு மேலே, ஒரு காற்றறை உண்டு. சைனஸ் என்போமே, அது. அதன் முன்சுவர் தடிமனாக இருந்தால் புடைப்பைச் சீவிக் குறைக்கலாம். மெல்லிசாக இருந்தால் சீவினால் ஓட்டை விழும். அந்தத் துண்டைக் கழற்றி, வடிவம் மாற்றி, கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து, சின்னத் தகடும் திருகும் போட்டுப் பொருத்த வேண்டும். எல்லோரும் அதைச் செய்வதில்லை. அக்காவின் சுவரை அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அதில்தான் நாலு சீவப் பார்த்தார்கள், ஸ்கேனைத் திறந்தே பார்க்காமல். படம் எடுத்தவன் நான். அளக்கிற ஸ்கேல் என் மவுசில் இருக்கிறது. ஏழு டாக்டர்களுக்கு மார்க் போட்ட என் ஷீட்டில் அக்காவின் எலும்புக்கு ஒரு கட்டம் இல்லை. கடைக்குப் போய் இதைச் சொன்னேன். "அளவெடுக்காம வெட்டப் பாத்தியேல" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவசரப்படுத்துவதை நிறுத்தினேன். நிறுத்தப் பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி. மதுரையில் ஒரு டாக்டர், எனக்கு மூக்கு வரும், முடி வரிசையைக் கீழே இறக்க வரும், நெற்றி எலும்பு நான் செய்வதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தார். போனது வீண் என்று நான் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிறவரைப் பார்க்க இன்னும் ரெண்டு பஸ் மாறிக்கூடப் போகலாம் என்றார்.

பதினோராவது மாதம் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா. முகத்தாடை அறுவை நிபுணர். நாங்கள் உட்கார்ந்த பிறகு கால் மணி நேரம் அவர் ஸ்கேனை அடுக்கடுக்காகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அக்காவைப் பார்த்துப் பேசினார். என் பக்கம் திரும்பவே இல்லை. எலும்பைக் கழற்றித்தான் வைக்க வேண்டும், உச்சந்தலை பல மாதம் மரத்துப்போயிருக்கும், கொஞ்ச இடத்தில் உணர்ச்சி திரும்பாமலே போகலாம் என்றார். அக்கா தன் கேள்வியைக் கேட்டார். டாக்டரம்மா யோசிக்கவில்லை, மானிட்டரைத் திருப்பினார். கண்களை மறைத்த ஒரு படம். ஒரு புருவம் மற்றதைவிடத் தூக்கலாக நின்றது. எங்கே தப்பு நடந்தது, அதற்குப் பிறகு தன் முறையை எப்படி மாற்றிக்கொண்டார் என்று விளக்கினார். என் பக்கத்து நாற்காலியில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது.

தாடையையும் கொஞ்சம் குறைக்கலாமே என்று அவரும் கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். அது எங்கள் அம்மாவின் தாடை, அம்மா பொம்பளைதானே என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, தாளில் எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்தார். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் அக்கா பேசினார்.

"வேண்டாம்னதும் அடிச்சா பாத்தியா. இவட்டதாம்ல படுக்கப் போறேன்."

ஆபரேஷனுக்குக் கூட இருக்க யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது சங்கரன் அண்ணாச்சியின் நம்பரைக் கொடுத்தார். வர மாட்டார் என்றுதான் நானும் அக்காவும் நினைத்தோம். ஆறேழு வருடமாகப் பேச்சில்லை. வயலில் நாற்று நடவை விட்டுவிட்டு வந்தார். முகமெல்லாம் வீங்கி, கண் திறக்காமல் கிடந்த தங்கைக்கு மூன்று நாள் கஞ்சி ஊட்டினார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல். நாலாம் நாள் வீக்கம் வடிந்து முகம் தெரிந்தபோது, அம்மா சின்ன வயதில் இப்படித்தான் இருந்தாள் என்றாராம். அக்கா இதை எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவை. மற்ற எல்லாக் கதையையும் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார்.

பத்துத் தடவை சொன்ன கதை இது. ஆறு மாதம் கழித்து ராஜபாளையம் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே ஸ்கேன் சென்டருக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏலே இசக்கி, கண்டக்டர் என்னய ஏசிட்டாம்ல. படியில நிக்காத, உள்ள போம்மான்னு, எல்லாப் பொம்பளையளயும் ஏசுத மாதிரியே ஏசுதான்." வரிசையில் காத்திருந்தவர்கள், ஏச்சு வாங்கியதற்கு ஒரு ஆள் இவ்வளவு சந்தோஷப்படுவதைப் பார்த்து முழித்தார்கள்.

பிறகு எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான், டாக்டர் பெயர். அக்கா எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார். என் நெத்திக்குப் பார்த்த டாக்டர் உன் நெத்திக்கு எதற்கு, முதலில் ஸ்கேன் எடு, பிறகு பேசு என்பார். பெயரைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிகிற போன் முக்கால் மணி நேரம் ஓடும். தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்தபடியே பேசுவார். பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள் யக்கா என்று நானே எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

அக்கா போன மறு வாரம், வியாழக்கிழமை, சிவகிரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மொபைல் கடையில் வேலை. போன மாதம் அக்காவிடம் பேசியிருக்கிறாள், என்னிடம் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா இறந்தது அவளுக்குத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்குச் செய்த டாக்டர் பேராவது சொல்லுங்கண்ணே, அங்கயே போயிருதேன் என்றாள்.

வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல டாக்டர், சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. சொல்லவில்லை. படுக்க வைத்து, மெல்லிய அடுக்குகளாக எடுத்தேன். உள்ளே கூப்பிட்டுத் திரையில் அவள் நெற்றியைத் திறந்து, ஸ்கேலை வைத்துக் காட்டினேன். முன்சுவர் கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர். அக்காவுக்குக் கழற்றி வைத்தது இவளுக்குத் தேவையே இல்லாமல் போகலாம், எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் கேள் என்றேன். அவள் ஒரு விரலைத் தன் புருவத்துக்கு மேல் வைத்து, திரையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது நானாண்ணே?"

ஆமாம் என்றேன். பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை. பெயரைச் சொல்வதற்கு முன்னால் எலும்பைப் பார்க்கிற பழக்கம் ஒன்றைத்தான் கோமதி அக்காவிடமிருந்து என்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அரை மணி நேரம் ஆகும் என்று குரல் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.