சிவப்புச் சீட்டு கட்டாத டம்மி

ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அண்ணன் போனில் சொன்னார். வாங்கிக் கொடுத்தது அவர்தான். பழையது. அண்ணியின் அக்கா மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாளாம், அவளுக்கு வேண்டுமாம்.

“நீ அத வெச்சிகினு இன்னா பண்றே? ஓடாத வண்டி.”

“ஓடும்.”

“ஞாயித்துக்கெழம வருவேன். அந்த கேமு என்னமோ சொல்றியே, அது ஓடிச்சின்னா நீயே வெச்சிக்கோ. இல்லன்னா பொட்டில போட்டுத் தூக்கினு போயிடுவேன்.”

“வாண்ணா” என்றேன்.

மத்திகிரியில் வாடகை வீடு. ஸ்கூட்டர் கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. போனில் வீடியோ பார்த்து கேம் செய்யக் கற்றுக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதவர் இல்லை. எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

கேம் செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். எஞ்சின் என்பார்கள். புதுக் கம்ப்யூட்டருக்கு அது தயாராகவே கிடைக்கும். என்னுடையதற்குக் கிடையாது. எழுதி வைத்த நிரல்தான் கிடைக்கும், சோர்ஸ் என்று. அதை நாமே கம்பைல் செய்து எஞ்சினாக்கிக்கொள்ள வேண்டும். ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போய் நின்றது. ஒரு ஹெடர் ஃபைலின் பெயரைச் சொல்லி, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது.

ஹெடர் பெரிய விஷயமில்லை. வேறு இடத்தில் இருக்கிற சரக்கு இன்னது, அதை இப்படிக் கூப்பிடு என்று சொல்லி வைக்கிற ஃபைல். இது சத்தத்துக்கான ஹெடர். கம்ப்யூட்டரோ நன்றாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. சத்தம் இருக்கும்போது ஹெடர் எப்படி இல்லாமல் போகும்?

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது பார்ட் வரவில்லை என்றால் லைனை நிறுத்த மாட்டோம். அந்த இடத்தில் டம்மி ஒன்றை மாட்டி, சிவப்புச் சீட்டு கட்டி, வண்டியைத் தள்ளிவிடுவோம். பார்ட் வந்ததும் சீட்டைப் பார்த்து மாற்றுவோம். வீட்டிலும் கை அதையே செய்தது. அதே பெயரில் ஒரு வெற்று ஃபைலை உண்டாக்கி, சோர்ஸுக்குள் வைத்தேன்.

அந்த எரர் போயிற்று. டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. இது என்னவென்று தெரியாது, அது என்னவென்று தெரியாது என்று வரிக்கு வரி கத்தியது. வெற்று ஃபைலில் என்ன இருக்கும்?

என்னோடு தங்கியிருக்கிற பெண்ணுக்கு வீட்டில் கன்னடம். எட்டிப் பார்த்தாள்.

“ஆகல்லக்கா” என்றாள். நடக்காதாம். “உங்கண்ணன் வரப்போ நானும் ஒரு கை புடிக்கிறேன். வெயிட்டு ஜாஸ்தி.”

“மொதல்ல சோத்துப் பானையப் புடி. பொங்குது பாரு.”

வீடியோக்களில் தேடினேன். பாட்டுப் பாடுவதற்கு வேண்டியது ஒரு பேக்கேஜ். கம்பைல் செய்யத் தேவையான ஹெடர்கள் வேறு பேக்கேஜ். பெயரின் கடைசியில் ‘டெவ்’ என்று இருக்கும். அதை இறக்கிப் போட்டேன். மறுபடி ஓட்டினேன். அதே சிவப்பு. ஒரு வரிகூடக் குறையவில்லை.

“ஆகல்ல” என்றாள் மறுபடி.

“ஆகுத்தே” என்றேன். ஆகும் என்று சொல்கிற அளவுக்கு எனக்கும் கன்னடம் தெரியும்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரம். ஒரு வண்டியில் சிவப்புச் சீட்டு தொங்கியது. பார்ட் வந்து ட்ரேயில் கிடந்தது. யாரும் மாற்றவில்லை. சூப்பர்வைசர் கத்தினார்.

“பார்ட்டு வந்து எவ்ளோ நேரமாச்சி? டம்மிய யாரும்மா கழட்டுவாங்க, உங்க மாமியாரா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் டம்மி இன்னும் சோர்ஸுக்குள்ளேயே இருந்தது. சீட்டும் கட்டவில்லை. கம்பைலர் முதலில் அங்கேதான் தேடும். பெயர் கிடைத்துவிட்டால் வெளியே போய்ப் பார்க்காது. நான் இறக்கிப் போட்ட நிஜ ஹெடர் வெளியே காத்துக் கிடந்தது.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. ஞாயிறு காலையில்தான் வந்தது. வெற்று ஃபைலை அழித்துவிட்டுக் கம்பைல் போட்டேன். நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. பழசு, மெதுவாகத்தான் போகும். பாதியில் அண்ணன் வந்துவிட்டார். கையில் டிவி வந்த காலி அட்டைப்பெட்டி. வாசலில் ஆட்டோ.

“ஓடுதா?”

“ஓடினு இருக்குது.”

“எங்க? எழுத்துதான் ஓடுது.”

“உக்காருண்ணா.”

“ஆட்டோ நிக்குது பாப்பா.”

“அனுப்பிடு.”

“அந்தப் புள்ளைக்கு வாக்கு குடுத்துட்டேன்.”

“எனக்கும்தான் குடுத்தே.”

அவர் ஆட்டோவை அனுப்பவில்லை. உட்காரவும் இல்லை. பெட்டியைப் பிடித்தபடி நின்றார். வெளியே ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. நான் திரும்பவில்லை.

எழுத்து நின்றது. சிவப்பு இல்லை. எஞ்சினைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு ஜன்னல் வந்தது.

“இன்னா, ஒண்ணுமே இல்ல?”

“இனிமேதான் நான் போடணும்.”

கொஞ்ச நேரம் பார்த்தார். “புடிச்சா உடமாட்டியே நீ. அவளுக்கு வேற பாக்கறேன்” என்று கிளம்பினார். பெட்டி கையிலேயே இருந்தது.

“பொட்டிய வெச்சிட்டுப் போண்ணா.”

வைத்துவிட்டுப் போனார். வேலைக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டர் மேல் அதைத்தான் கவிழ்த்து வைக்கிறேன். எங்கள் பக்கம் தூசி அதிகம்.