ஐந்து பொட்டலம் வீட்டுத் தூசி

போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது நடந்தது இது. ஒரு சனிக்கிழமை காலை, இங்கே மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து ரவாங் போகும் சாலையில் காரோட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஐந்து பிளாஸ்டிக் பொட்டலங்கள். ஐந்திலும் எங்கள் வீட்டுத் தூசி. இப்போதே சிரித்துவிடாதீர்கள், மிச்சம் வையுங்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு ஆஸ்துமா இழுப்பு. முன்பெல்லாம் மழை நாளில் எப்போதாவது வரும். அந்த வருடம் இரண்டு மாதத்தில் இரண்டு முறை கிளினிக்குக்கு ஓடி, முகத்தில் மூடி மாட்டி, மருந்தைப் புகையாக இழுக்க வைத்துக் கூட்டிவந்தேன். வீட்டில் கார்ப்பெட் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது, ஹாலில் பாதிக்கு. எங்கள் மகள் முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்டது. எடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னைய வேணும்னா தூக்கி வெளிய போடுங்க, அதத் தொட்டீங்கன்னா தெரியும்!" என்றாள் மனைவி.

மீதி வீடு முழுக்க டைல்ஸ். அதைப் பெருக்கினால் தூசி கார்ப்பெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். கார்ப்பெட்டைத் தட்டினால் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, மெஷினைப் போட்டுப் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டில் ஒரு வேக்கூம் கிளீனர் இரவல் வாங்கினேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்த மறுநாள். முதலில் சாமி மேடையைச் சுத்தம் செய்வோம் என்று அங்கே கொட்டிக் கிடந்த திருநீறு, ஊதுபத்திச் சாம்பல் எல்லாவற்றையும் உறிஞ்சினேன். முன்னால் உறிஞ்சியது. உறிஞ்சியதை எல்லாம் அப்படியே பின்னால் ஊதியது! அணைக்கத் தெரியாமல் நான் பொத்தானைத் தேடிய நேரத்தில் ஹால், சோபா, டிவி எல்லாம் திருநீறு பூசிக்கொண்டு பக்தியோடு நின்றன. நான் சிரித்தேன். மனைவியும் சிரிக்க ஆரம்பித்தாள். பாதிச் சிரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாவது முறை கிளினிக்குக்குப் போனது அப்படித்தான். வழியெல்லாம் அவள் மூச்சு விசிலடித்தது. நான் அதைவிடச் சத்தமாக ஜோக் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. இருபத்தாறு வருடமாக இது அவளுக்குத் தெரியும். அதனால்தான் கையைத் தூக்கி, "பேசாம ஓட்டுங்க" என்று சைகை காட்டினாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. நம் கைக்கு எட்டுகிற விலையில், கார்ப்பெட்டுக்கும் டைல்ஸுக்கும் ஒத்துவருகிற, நாய்க்குட்டி மாதிரி சக்கரத்தில் பின்னாலேயே வருகிற அந்த நீளக் குழாய் வேக்கூம் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஆர்வம் பிடித்துக்கொண்டது. வாட் அதிகமாக இருந்தால் இழுவையும் அதிகம் என்று அர்த்தமில்லையாம். குழாயின் முனையில் காலால் அமுக்குகிற ஒரு கட்டை இருக்க வேண்டுமாம்; அமுக்கினால் டைல்ஸுக்கு பிரஷ் வெளியே வரும், மறுபடி அமுக்கினால் கார்ப்பெட்டுக்காக உள்ளே போய்விடும். இதெல்லாம் தெரியாமல் அரை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறேனே என்று வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். வீடியோவில் எல்லோரும் அரிசியையும் கடலையையும் கொட்டி உறிஞ்சிக் காட்டுகிறார்கள். அரிசியை உறிஞ்சுவது பெரிய விஷயமா? எங்கள் வீட்டுத் திருநீற்றை உறிஞ்சிக் காட்டட்டும், பார்க்கலாம்!

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் வேலை பார்ப்பவன். எங்களுக்கு எதுவாக இருந்தாலும் சாம்பிள் எடுத்து, எடை போட்டு, எண் எழுதினால்தான் திருப்தி. கார்ப்பெட் மண், மனைவியின் தலைமுடி, முறுக்குத் தூள், ஊதுபத்திச் சாம்பல், கடைசியாகத் திருநீறும் முகப் பவுடரும் கலந்த சாமி மேடைத் தூசி. ஐந்தையும் தனித்தனியாக அடைத்து, 'No. 5 – 20 g' என்பதுபோல ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எழுதினேன். கடையில் கொட்டிச் சோதித்த பிறகுதான் வாங்குவது என்று முடிவு.

ரவாங்குக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் ரோட் பிளாக்.

கண்ணாடியை இறக்கும்வரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. குனிந்து பார்த்த இளம் மலாய் போலீஸ்காரரின் பார்வை பக்கத்து இருக்கையில் நின்றது. நானும் திரும்பிப் பார்த்தேன். எடை எழுதிய வெள்ளைப் பொடிப் பொட்டலம் வெயிலில் பளபளத்தது. போதைப்பொருள் கடத்துகிறவன் பொட்டலமும் இப்படித்தான் இருக்கும்!

இது என்ன என்று மலாயில் கேட்டார். தூசி என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் முடிக்கவில்லை. வாய்தான் நிற்காதே! "என்னுடையதுதான், விற்க இல்லை, கடையில் நல்ல சாமான் கிடைக்குமா என்று சோதிக்கத்தான் கொண்டுபோகிறேன்" என்று என் அருமையான மலாயில் விளக்கினேன். அவர் இரண்டடி பின்வாங்கி, காரை ஓரமாக நிறுத்தி இறங்கச் சொன்னார். அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடியதைக் கேளுங்கள்: லாக்கப்பில் எந்தச் சட்டையோடு விடுவார்கள், முறுக்குத் தூளுக்கு எத்தனை வருடம் போடுவார்கள்!

அப்போது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். தமிழ்ப் பெண். பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"தூசிம்மா. எங்க வீட்டுத் தூசி. சத்தியமா."

"வீட்டுத் தூசிய யாருண்ணே நிறுத்து எடுத்துட்டு வருவா?"

இரண்டாம் எண்ணிலிருந்த தலைமுடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்தாம் எண்ணைப் பிரித்து மோந்தார். விரலில் தேய்த்தார். பழக்கதோஷத்தில் விரல் நெற்றிவரை போய், நல்லவேளையாக நின்றது. பிறகு இந்த மனிதர் நிஜமாகவே இப்படித்தானா என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் இழுப்பில் ஆரம்பித்துக் கார்ப்பெட், டாக்டர், இரவல் மெஷின் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் இளம் போலீஸ்காரரும் விஷயம் தெரியாமலே சிரித்தார்.

சிரித்து முடித்ததும், "எந்த மாதிரி மெஷின் பார்த்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பை இல்லாத மாடல் லா. உள்ள டப்பா இருக்கும். பை வாங்குற வேலை இல்ல." மூன்று வார ஆராய்ச்சியின் பெருமையோடு சொன்னேன்.

"டப்பா நெறஞ்சா யாருண்ணே கொட்டுவா?"

பத்து நிமிடமாக மூடாத என் வாய் அப்போதுதான் மூடியது.

"வீட்டுலதான்..." என்று இழுத்தேன்.

"வீட்டுலன்னா அண்ணிதானே?" அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "என் மவனுக்கும் இழுப்புதாண்ணே. நானும் அதத்தான் வாங்குனேன். மெஷின் ஒரு வாரமா இழுத்ததெல்லாம் டப்பாவக் கொட்டுறப்போ கெளம்பி அவன் மூஞ்சிக்கே வந்துருச்சு. பை உள்ளதா பாருங்க. பையோட மூடித் தூக்கிப் போட்டுறலாம். காத்து வெளிய வர்ற எடத்துல நல்ல ஃபில்டர் இருக்கான்னும் கேளுங்க. இப்ப காரை எடுங்க, பின்னால லோரி நிக்குது."

நன்றி சொன்னேனா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

கடையில் இருந்த சீனப் பெண் என் பொட்டலங்களைப் பார்த்து முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. ஐந்திலும் பாதிப் பாதி கொட்டினோம். பை இல்லாத மெஷின் எல்லாவற்றையும் சமர்த்தாக உறிஞ்சியது. டப்பாவைத் திறந்து காட்டுங்கள் என்றேன். திறந்தார். ஒரு சின்ன வெள்ளை மேகம் எழும்பி எங்கள் இருவர் சட்டையிலும் படிந்தது. அது என் மனைவியின் முகமாக இருந்திருந்தால் என்று நினைத்தபோது எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

கடை மூலையில் பை வைத்த பழைய மாடல் ஒன்று, இப்போது யாரும் கேட்பதில்லை என்று விலை குறைத்துக் கிடந்தது. சக்கரம் இருந்தது, காலால் அமுக்கும் கட்டை இருந்தது, பின்னால் ஃபில்டரும் இருந்தது. மிச்சத் தூசியைப் போட்டுப் பார்த்தோம். காற்று வெளியே வரும் இடத்தில் என் கறுப்புக் கைக்குட்டையைப் பிடித்தேன். ஒரு பொட்டு வெள்ளை விழவில்லை. அதையே வாங்கினேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் மனைவி வழக்கம்போலக் குழாயை எடுக்கக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. நீ போய்ப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கதை பேசிவிட்டு வா என்று அனுப்பினேன். "காய்ச்சலா உங்களுக்கு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அதிலிருந்து சனிக்கிழமை வேக்கூம் என் வேலை, பை மாற்றுவதும் என் வேலை. இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கிளினிக் பக்கம் போய் மாதக் கணக்காகிறது.

லாக்கப்புக்குப் பயந்து நான் நடுங்கியதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறேன். ஆனால் அந்தச் சாலையில் என்னை உண்மையாகவே உலுக்கியது, மனைவிக்காக மூன்று வாரம் எல்லாவற்றையும் யோசித்த நான், அந்த டப்பாவையும் அவள் கையிலேயே கொடுக்கத்தான் இருந்தேன் என்று புரிந்த அந்த ஒரு கணம்தான்.