மஞ்சள் சிவந்த இருக்கை

தேற்றாத்தீவில் பிரதான வீதியோரம் வினாயகமூர்த்தி வாகனம் கழுவும் இடம் ஒன்று நடத்துகிறார். வெளியே தண்ணீர் அடிக்க ஆண்கள் இருக்கிறார்கள். இருக்கை, மிதியடி, கதவு இடுக்கு என்று உட்பக்கம் முழுவதும் கேதீஸ்வரியின் பொறுப்பு. சென்ற மாரியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது. பிரஷை அழுத்தித் தேய்க்கும் பலம் மட்டும் திரும்பவில்லை.

கொழும்பில் வேலை செய்யும் மகள் தனுஷா ஒரு கருவி வாங்கி அனுப்பினாள். வயர் கிடையாது, பற்றரியில் ஓடும், நுனியில் வட்டப் பிரஷ் சுழலும். கையில் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

வினாயகமூர்த்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பல்லு விளக்கவா புள்ள இது?”

“உங்கட வாய்க்கு இந்தச் சின்னது காணாது அண்ணன்,” என்றாள் கேதீஸ்வரி.

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: “ஒரு வாகனம் செஞ்சு காட்டு. சரிவரல்லெண்டா நான் வேற ஆள் பாக்கத்தான் வேணும். கோவிக்காத.”

அந்த ஒரு வாகனமாக வந்தது காத்தான்குடி இன்ஷாப்பின் வாடகை வேன். அதற்கு முந்தின நாள் தீமிதிப்புக்குப் போனவர்களை அவன்தான் ஏற்றி இறக்கியிருந்தான். மஞ்சள் நீரில் நனைந்த உடையோடு அவர்கள் உட்கார்ந்து வந்ததில் சாம்பல் நிறப் பின்னிருக்கை மஞ்சளாகக் கிடந்தது. மறுநாள் அதே வேனுக்குக் கல்யாணப் பயணம்.

கறை தடிப்பாகத் தெரிந்ததால், கேதீஸ்வரி வழக்கமான ஷாம்பூவுக்குப் பதிலாக உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூளைக் கரைத்தாள். கருவி ஓடியது. கை நோகவில்லை. நோகாமல் வேலை செய்கிற மகிழ்ச்சியில், நுரைக்கு அடியில் நடப்பதை அவள் கவனிக்கவில்லை. துடைத்துப் பார்த்தால் இருக்கை முழுவதும் சிவப்பு.

கருவி வேலையை எளிதாக்கும் என்கிறோம். பிழையையும் அது அதே அளவுக்கு எளிதாக்கும். கையால் தேய்த்திருந்தால் உள்ளங்கை அகலத்திலேயே கண்டு நிறுத்தியிருப்பாள்.

இன்ஷாப் எட்டிப் பார்த்தான். “என்னக்கா, எண்ட வேனுக்குள்ள ஆடு அறுத்தீங்களா? நாளைக்கு மாப்பிள்ளைய இதிலயா இருத்துற?”

வினாயகமூர்த்தி கருவியை மட்டும் பார்த்தார். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சிவப்பை அவள் முன்பே அறிவாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆராத்தி சிவக்கும். சவர்க்காரம் செய்திருப்பதும் அதுதான். சிறுவயதில் ஒரு கல்யாண வீட்டில் ஆராத்தித் தட்டுக்குள் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து, அதை மறுபடி மஞ்சளாக்கி அடி வாங்கியவள் அவள்.

“அண்ணன், தேசிக்காய் இருக்கா?”

“புது வாகனத்துச் சில்லுக்கு வைக்க வாங்கினது கிடக்கு. ஏன், கண்ணூறு கழிக்கவா?”

பிழிந்து தண்ணீரில் கலந்து, துணியால் ஒரு மூலையில் ஒற்றினாள். சிவப்பு பின்வாங்கி மஞ்சளானது. இன்ஷாப் குனிந்து பார்த்தான். முழு இருக்கையையும் அப்படியே ஒற்றி எடுத்த பிறகு ஷாம்பூவுக்குத் திரும்பினாள். கருவியை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் தேய்ப்பதும் துடைத்துப் பார்ப்பதுமாக வேலை நகர்ந்தது. மஞ்சள் மெலிந்தது, போகவில்லை.

“மிச்சத்த வெயில் எடுக்கும்,” என்றாள். “மஞ்சள் சீலை கொடியில கிடந்தா வெளிறுறதுதானே.”

இருக்கையைக் கழற்றி, வாவிப் பக்கத்து வெளியில் வெயில் பார்க்க வைத்தார்கள். பின்னேரம் உற்றுப் பார்ப்பவருக்கு மட்டுமே ஓரத்தில் இளமஞ்சள் தெரிந்தது.

“மாப்பிள்ளை உத்துப் பாக்கப்போறது சீட்டையில்லக்கா,” என்றான் இன்ஷாப். “வாற கிழமை மச்சான்ட வேனையும் கொண்டுவாறன். அந்தத் தூள மட்டும் ஒளிச்சு வைங்க.”

வேன் போன பிறகு வினாயகமூர்த்தி கருவியை எடுத்தார். அதன் பச்சை விளக்கு மங்கியிருந்தது. மேசையருகே இருந்த ஒரே பிளக்கிலிருந்து தன் கைத்தொலைபேசியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கருவியைச் செருகினார்.

“காலையில வெள்ளன வா,” என்றார். “ரெண்டு கார் வருது.”