துலுக்காணத்தின் கண்ணளவு

கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. ரோட்டோரம் தகர ஷெட் போட்டு பெட்ரோல் லாரி ரிப்பேர் பார்த்து வந்த துலுக்காணம் எதையும் அளந்து பார்க்க மாட்டார். பிளக் முனையில் தீப்பொறி தாவும் இடைவெளியை மற்ற மெக்கானிக்குகள் மெல்லிய தகடு விட்டு அளப்பார்கள். இவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ஸ்பேனரால் செல்லமாக ஒரு தட்டு தட்டுவார்.

"ஆண்டவன் கண்ணு இன்னாத்துக்குக் குடுத்துக்கீறான்?" என்பார். லாரிகளும் பெரிய மனது பண்ணி ஓடின.

1974இல், தொழிற்பேட்டையில் இரும்புப் பட்டறை வைத்திருந்த பூவராகவன் ஒரு பழைய சீமைக் காரை வாங்கினார். அதில் சூப்பர்சார்ஜர் இருந்தது. பெட்ரோல் கலந்த காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கும் சாதனம் அது. துலுக்காணம் அப்படி ஒன்றை அதுவரை கண்டதில்லை. கண்டதில்லை என்று சொல்லும் வழக்கமும் அவருக்கு இல்லை.

"மெட்ராஸ்ல இத மாதிரி எத்தினி பாத்துக்கீறேன்" என்று சொல்லி, ஆறு பிளக்குகளையும் புதிதாக மாற்றி அனுப்பினார்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறிய கார், பாதி வழியில் இருமத் தொடங்கியது. பிறகு இழுக்கவே இல்லை. பூவராகவனின் மனைவி பால்குடத்தோடு இறங்கி நடந்தார். பூவராகவன் பின்னாலிருந்து தள்ளினார்.

மறுநாள் காலை டிரைவர் ஜெயராஜ் காரை ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பேஜாரா பூட்ச்சு மேஸ்திரி. சமதரையில நல்லா போவுது. மேட்டக் கண்டா மூச்சு வாங்குது."

துலுக்காணம் மூன்று நாள் காருக்கு அடியிலேயே குடியிருந்தார். கார்புரேட்டரைக் கழுவினார், பெட்ரோல் குழாயை ஊதினார், பிளக்குகளுக்கு மின்சாரம் விடும் பாயிண்டைத் தேய்த்தார். நாஷ்டா கொண்டுவந்த மனைவி சம்பூர்ணம், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களிடம்தான் பேச வேண்டியிருந்தது.

"இன்னாய்யா, தெரிலன்னா தெரிலன்னு சொல்லிட்டுப் போயேன்."

"கண்டுபுட்ச்சிகினே கீறேன்" என்றன கால்கள்.

நான்காம் நாள் நிஜமாகவே ஒரு நல்ல யோசனை வந்தது. திணிக்கிற காற்று வழியிலேயே கசிந்தால் எஞ்சினுக்கு பலம் எங்கிருந்து வரும்? சூப்பர்சார்ஜரின் இணைப்புகள் மேல் சாக்பீஸ் தூளைத் தடவினார். காரில் நாலு மூட்டை அரிசி ஏற்றி, ஏரிக்கரை மேட்டில் ஜெயராஜை ஓட்டச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால், ஓர் இணைப்பில் மட்டும் தூள் பெட்ரோலில் நனைந்து கோடு விழுந்திருந்தது. உள்ளே இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் அட்டை கிழிந்திருந்தது. புதிதாக வெட்டிப் போட்டதும் கார் துள்ளிக் கிளம்பியது. துலுக்காணத்தின் மார்பும் இரண்டு அங்குலம் அகன்றது.

மேட்டின் பாதியில் கார் முன்னைவிட மோசமாக இருமியது.

"நைனா, பலம் வந்துட்ச்சு, இருமலும் ஏறிட்ச்சே!" என்றார் ஜெயராஜ்.

துலுக்காணம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கசிவு நின்றதால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது. அழுத்தம் கூடியதும் இருமலும் கூடுகிறது. அப்படியானால் அந்த அழுத்தத்தில் தீப்பொறிதான் தாவ முடியாமல் அணைகிறது. பிளக்குகளைக் கழற்றினார். பட்டறை ஃபிட்டரிடம் ஜெயராஜ் இரவல் வாங்கி வந்த தகடுகளை, வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளே விட்டு அளந்தார். எஞ்சின் மூடியில் பொறித்திருந்த அளவைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி.

"எந்த மடையன்யா இத்த வச்சது? லாரிக்கு வெக்கிற மாதிரி வச்சிக்கீறான்!"

ஜெயராஜ் மரியாதைக்காக ஏரியைப் பார்த்தார்.

துலுக்காணத்தின் காது சிவந்தது. ஆறையும் தகடு வைத்துச் சரியாக நெருக்கினார். மூட்டைகளோடு கார் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. அன்று அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். சம்பூர்ணம் எதுவும் கேட்காமல் இன்னொரு துண்டு வறுத்த மீனை வைத்தாள்.

அடுத்த கிருத்திகைக்குப் பூவராகவன் துலுக்காணத்தையும் சம்பூர்ணத்தையும் காரிலேயே அழைத்துப் போனார். மலைப்பாதை முழுக்கத் துலுக்காணம் கண்ணை மூடியிருந்தார். பக்தி என்று நினைத்தார் முதலாளி அம்மா. துலுக்காணமோ ஒவ்வொரு சிலிண்டரின் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் இருமவில்லை.

மற்றவர்கள் முருகனைப் பார்க்கப் போனார்கள். துலுக்காணம் காரின் பானெட்டைத் திறந்து வைத்து, சுற்றிக் கூடிய டிரைவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மொத நாளே எனக்குத் தெரியும், பிளக்குலதான் கோளாறுன்னு."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜெயராஜ், "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்.